பழைய இன்ஜெக்‌ஷன் கார் கரும்புகை விடுகிறதா?

சைலன்சரில் கரும்புகை, பெட்ரோல் வாடை, பிளக் முனையில் விரலில் ஒட்டும் காய்ந்த கரி. எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது என்று அர்த்தம். உடனே எக்ஸாஸ்ட் குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சாரை மாற்றிக் காசை வீணாக்காதீர்கள்.

முதலில் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரைப் பாருங்கள். டேஷ்போர்டு முள்ளுக்குத் தனி சென்சார் உள்ள வண்டிகளும் உண்டு. நமக்கு வேண்டியது ஈசியூவுக்கு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிக்குப் போவது. கனெக்டரைக் கழற்றி, சென்சாரின் பின்களில் மல்டிமீட்டர் வையுங்கள். பல வண்டிகளில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் காட்டும். நன்றாகச் சூடான பிறகும் ஆயிரக்கணக்கில் நின்றால், எஞ்சின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று ஈசியூ நம்பி பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். கனெக்டர் பின்னில் பச்சை பூத்திருந்தாலும் இதே நிலைதான்.

அடுத்து, பெட்ரோலின் அழுத்தத்தைச் சீராக வைக்கும் பிரஷர் ரெகுலேட்டர். எஞ்சினை அணைத்து, அதன் வேக்யூம் ஹோஸை உருவுங்கள். ஹோஸுக்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரின் டயாஃப்ரம் (உள்சவ்வு) கிழிந்துவிட்டது; ரெகுலேட்டரை மாற்றியே ஆக வேண்டும். இன்டேக் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் இருந்தால் அதன் ஹோஸில் வெடிப்பு உள்ளதா என்றும் பாருங்கள்.

ஆக்சிஜன் சென்சார் 0.1 முதல் 0.9 வோல்ட்டுக்குள் ஏறி இறங்க வேண்டும். புகை வந்தும் 0.1-லேயே கிடந்தால், எஞ்சினுக்கும் அந்த சென்சாருக்கும் இடையில் எக்ஸாஸ்ட் லீக் உள்ளதா என்று தேடுங்கள். அங்கே புகும் வெளிக்காற்றுதான், பெட்ரோல் போதவில்லை என்று ஈசியூவை ஏமாற்றுகிறது.

டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், கோளாறைச் சரிசெய்த கையோடு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.