ஹாட் யாயிலிருந்து பாடாங் பெசார்: கிளம்பும் முன் பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள்

தாய்லாந்தின் தெற்கே ஹாட் யாய், சொங்க்லா பக்கம் புதிதாக வந்து சேரும் நம் ஆட்களிடம் முதல் மாதத்திலேயே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை எல்லையைத் தாண்டிவிட்டு வர வேண்டும்." சொல்பவர் பொய் சொல்லவில்லை. தன் விசாவைப் பற்றிச் சொல்கிறார். கேட்பவர்தான் அது தனக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்கிறார். எனக்குத் தெரிந்த கும்பகோணத்துக்காரர் ஒருவருடைய வேலை, மனைவியின் விசா, பையனின் பள்ளிக்கூடம் என எல்லாம் ஒரே நாளில் ஆட்டம் கண்டது இதனால்தான். ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் பாஸ்போர்ட்டைக் கேட்பதற்கும் அதுதான் காரணம். சிலருக்குக் கோபம்கூட வருகிறது. வரட்டும்.

என் நிலைமை எளிது. மனைவி இந்த ஊர்க்காரர். குடும்ப அடிப்படையில் பல முறை நுழையக்கூடிய நான்-ஓ விசா வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை நுழையும்போதும் 90 நாள் கிடைக்கும். அது முடிவதற்குள் வெளியே போய்த் திரும்பினால் அடுத்த 90 நாள். என்னைப் போன்றவர்களுக்காகத்தான் எல்லைக்கு அந்தப் பக்கம் மலேசியாவில் இருக்கும் பாடாங் பெசாருக்கு இந்த ஒரு நாள் பயணம்.

வேலைக்கு வருகிறவர்களின் கதை வேறு. அவர்கள் பெரும்பாலும் ஒரு முறை மட்டும் நுழையக்கூடிய நான்-பி விசாவில் வருகிறார்கள். முதலில் 90 நாள். அதற்குள் வேலை அனுமதி வாங்கி, கம்பெனி ஆவணங்களோடு இமிகிரேஷன் அலுவலகத்தில் தங்கும் அனுமதியை ஓராண்டுக்கு நீட்டித்துக்கொள்கிறார்கள். அந்த நீட்டிப்பு முத்திரை பாஸ்போர்ட்டில் விழுந்துவிட்டால் எல்லைக்கு ஓட வேண்டிய அவசியமே இல்லை. 90 நாளுக்கு ஒருமுறை "இந்த முகவரியில்தான் இருக்கிறேன்" என்று டி.எம். 47 படிவத்தில் தெரிவித்தால் போதும். கட்டணம் கிடையாது. கெடு நாளுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை தெரிவிக்கலாம். எல்லை தாண்டுவதற்கும் இதற்கும் ஒற்றுமை அந்தத் தொண்ணூறு என்ற எண் மட்டும்தான்.

அந்த ஓராண்டு நீட்டிப்பு நீங்கள் நாட்டுக்குள் இருக்கும்வரைதான் உயிரோடு இருக்கும். ரீ-என்ட்ரி பெர்மிட், அதாவது போய்த் திரும்பினாலும் பழைய அனுமதி தொடரும்படி முன்கூட்டியே வாங்கும் அனுமதி, இல்லாமல் எல்லையைத் தாண்டிய நிமிடமே அது செத்துப்போகும். ஒரு மணி நேரம் போனாலும் அப்படித்தான், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினாலும் அப்படித்தான்.

சவூதியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் இதில் ஏமாறுவதில்லை. எக்சிட் ரீ-என்ட்ரி இல்லாமல் அங்கே விமானமே ஏற முடியாது என்பதால் அந்தப் பயம் ரத்தத்தில் ஊறியிருக்கும். மாட்டிக்கொள்பவர்கள் சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள். அங்கே வேலை அட்டை கையில் இருந்தால் சனிக்கிழமை ஜொகூர் பாருவுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கும்பகோணத்துக்காரரும் பல ஆண்டுகள் சிங்கப்பூரில் இருந்தவர்தான். இங்கே ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் பொறியாளராகச் சேர்ந்து, நீட்டிப்பு முத்திரையும் வாங்கிவிட்டிருந்தார். கம்பெனி அலுவலகத்தில் ஒருவர் "90 நாள் வருகிறது, மறந்துவிடாதீர்கள்" என்று நினைவூட்டியிருக்கிறார். உடன் வேலை பார்க்கும் இரண்டு பேர் அந்த வாரமே பாடாங் பெசாருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய விசா வேறு வகை. இவரும் சேர்ந்து போய்விட்டார்.

அன்று மாலை நேராக என் வீட்டுக்குத்தான் வந்தார். மலேசியத் தேயிலைப் பொட்டலம் ஒன்றை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, "அண்ணா, எவ்வளவு சுலபம்! அரை நாளில் முடிந்துவிட்டது" என்றார். முத்திரையைக் காட்டச் சொன்னேன். இந்தியர்களுக்கு விசா இல்லாமல் அப்போது கொடுத்துவந்த 60 நாள் சுற்றுலா அனுமதி. அவர் கையில் இருந்த ஓராண்டுக்கு அடுத்த பிப்ரவரிவரை உயிர் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு இதை வாங்கி வந்திருக்கிறார். சொன்னதும் சிரித்தார், நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து.

மறுநாள் அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். கவுன்டரில் இருந்த அதிகாரி எந்தத் தவறும் செய்யவில்லை. செல்லுபடியாகும் விசாவோ பெர்மிட்டோ இல்லாத இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு என்ன முத்திரை உண்டோ அதைத்தான் குத்தியிருக்கிறார். வெளியே போகும்போது ஏன் ஒருவர்கூட எச்சரிக்கவில்லை என்று நண்பர் பொருமினார். அது அவர்கள் வேலை இல்லை. சுற்றுலா அனுமதியை வைத்துக்கொண்டு தொழிற்சாலைக்குள் வேலை செய்ய முடியாது. மனைவி, பையன் இருவருடைய அனுமதியும் இவருடையதைச் சார்ந்தது, அதனால் அவையும் அந்தரத்தில் நின்றன. கடைசியில் குடும்பத்தோடு ஊருக்குப் போய், சென்னையில் புதிதாக நான்-பி விசாவுக்கு விண்ணப்பித்து, கம்பெனி ஆவணங்கள் அத்தனையையும் மறுபடியும் திரட்டி, சம்பளம் இல்லாமல் காத்திருந்து திரும்பினார். தேயிலை நன்றாகத்தான் இருந்தது.

இத்தனைக்கும் அந்த ரீ-என்ட்ரி பெர்மிட் வாங்குவது பெரிய காரியமே இல்லை. டி.எம். 8 படிவம், ஒரு புகைப்படம், பாஸ்போர்ட் நகல்கள். ஒரு முறைக்கு 1,000 பாத், பல முறைக்கு 3,800 பாத். நீட்டிப்பு வாங்கும் அதே நாளில், அதே அலுவலகத்தில் பல முறைக்கானதை வாங்கிவிடுங்கள் என்பேன். 3,800 பாத் அதிகம் என்று நினைப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஊரில் அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று நள்ளிரவில் போன் வந்தால், படிவம் நிரப்ப விடியும்வரை காத்திருப்பீர்களா? பெரிய விமான நிலையங்களில் புறப்படும்போது வாங்க வழி இருக்கிறது. ரயில் நிலைய கவுன்டரில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். இன்னொன்று: ரீ-என்ட்ரி பெர்மிட் புதிதாக ஒரு நாளைக்கூடச் சேர்த்துத் தராது. பழைய கெடு தேதியே மறுபடி விழும். முகவரி தெரிவிக்கும் 90 நாள் கணக்கு மட்டும் நுழைந்த நாளிலிருந்து புதிதாகத் தொடங்கும்.

விசாவே இல்லாமல், சுற்றுலாச் சலுகையை வைத்து எல்லைக்கும் வீட்டுக்குமாக ஓடியே காலம் தள்ளலாம் என்று வருகிறவர்களுக்கு என்னிடம் ஆலோசனை இல்லை. 60 நாள் சலுகை 2024 ஜூலையில் வந்தது. 2025 நவம்பரிலேயே, தக்க காரணம் இல்லாமல் இரண்டு முறைக்கு மேல் இப்படிச் செய்தவர்களைத் திருப்பி அனுப்புவோம் என்று தாய்லாந்து இமிகிரேஷன் அறிவித்துவிட்டது. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பாருங்கள்.

சரி, போகத்தான் வேண்டும் என்று உறுதியாகிவிட்டது என்றால் ஏஜென்ட் வேன் எதற்கு? இரண்டு ரயில் டிக்கெட்டில் முடிகிற காரியத்துக்கு ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு, உங்கள் பாஸ்போர்ட்டையும் கத்தையாக வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். என் பாஸ்போர்ட்டை வேன் ஓட்டுநர் ரப்பர் பேண்ட் போட்டு முன் சீட்டில் எறிவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் நாள் இரவு இரண்டு படிவங்களை இணையத்தில் நிரப்புங்கள். மலேசியாவுக்குள் நுழைய எம்டிஏசி (MDAC) என்ற டிஜிட்டல் வருகை அட்டை, தாய்லாந்துக்குத் திரும்ப அதே போன்ற டிடிஏசி (TDAC). இரண்டையும் வந்து சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். இரண்டுமே இலவசம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் இல்லை, மூடிவிடுங்கள். ஒரு மணி நேரம் மட்டுமே மலேசியாவில் நிற்கப்போகிறேன் என்பதெல்லாம் விலக்கு ஆகாது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மலேசியா 2023 டிசம்பர் முதல் 30 நாள் விசா இல்லாமல் அனுமதிக்கிறது. 2026 முடியும்வரை அந்தச் சலுகை உண்டு. இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் மலேசிய இ-விசாவை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும்.

ஹாட் யாய் ரயில் நிலையத்திலிருந்து பாடாங் பெசாருக்கு ஷட்டில் ரயில் காலையில் ஒன்று, மதியத்துக்குப் பின் ஒன்று. ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். மூன்றாம் வகுப்புப் பெட்டி, மின்விசிறி, இருபுறமும் ரப்பர் தோட்டம். காலை ரயிலில் போய் மதிய ரயிலில் திரும்புவதுதான் நிம்மதி. நவம்பர், டிசம்பர் மழையில் மட்டும் ரயில் ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். 2025 நவம்பரில் இந்த ஊர் வெள்ளத்தில் எப்படிக் கிடந்தது என்று இங்கிருந்தவர்களுக்குத் தெரியும்.

பாடாங் பெசார் நிலையம் இருப்பது மலேசிய மண்ணில். இரு நாட்டு இமிகிரேஷனும் அந்த ஒரே கட்டடத்துக்குள்தான். ரயிலை விட்டு இறங்கி வரிசையில் நின்றால் முதலில் தாய்லாந்து வெளியேறும் முத்திரை, அடுத்து மலேசிய கவுன்டர். திரும்பும்போது வரிசை தலைகீழ். வந்த ரயிலிலேயே உடனே திரும்ப நினைத்தால் இரண்டு பக்கமும் கேள்வி கேட்பார்கள், நேரமும் போதாது. திரும்பும் டிக்கெட்டை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். பாத், ரிங்கிட் இரண்டிலும் சில்லறை வைத்திருங்கள். கையில் ரொக்கமாக 20,000 பாத் இருப்பதும் நல்லது, செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று திரும்பும்போது கேட்டால் வங்கிச் செயலியைத் திறந்து காட்டுவது எடுபடாது.

நடுவில் கிடைக்கும் சில மணி நேரம் எனக்குப் பிடித்தமானது. ரொட்டி சானாய், தேத்தாரிக். பக்கத்து மேசையில் யாராவது தமிழில் பேசிக்கொண்டிருப்பார்கள், அதற்காகவே இன்னொரு கோப்பை சொல்லுவேன். அதே நிலையத்திலிருந்து பட்டர்வொர்த்துக்கு மலேசிய கொமுட்டர் ரயில் கிளம்புகிறது. ஏறினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம், பிறகு படகு ஏறினால் பினாங்கு, 1833-இல் எழுந்த குயின் தெரு மாரியம்மன் கோயில், வாழை இலைச் சாப்பாடு. ஒருமுறை ஆசை தாங்காமல் போய்விட்டு, மனைவிக்குப் போன் செய்து நாளைதான் வருவேன் என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஒரே நாளில் திரும்ப வேண்டியவர்கள் அந்த நடைமேடைப் பக்கமே பார்க்காதீர்கள்.

கடிகாரம் இன்னொரு தொல்லை. மலேசியா தாய்லாந்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நிலையத்துச் சுவர்க் கடிகாரம் மலேசிய நேரம். உங்கள் போனோ எந்த நாட்டுக் கோபுரம் கிடைக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும், அரை மணிக்கொருமுறை மாறவும் செய்யும். மலேசிய நேரத்தில் எழுதிய பலகையையும் தாய்லாந்து நேரம் காட்டும் போனையும் வைத்துக் கணக்குப் போட்டால் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று தோன்றும், ரயில் போய்விட்டிருக்கும். போனில் தானாக நேரம் மாறும் வசதியை ஹாட் யாயிலேயே அணைத்துவிடுங்கள். டிக்கெட் வாங்கும்போது எந்த நாட்டு நேரம் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

தாய்லாந்து கவுன்டரில் பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்ததும் நகராதீர்கள். எந்த வகை விசா, எந்தத் தேதிவரை என்று அங்கேயே நின்று படியுங்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். செல்லுபடியாகும் விசாவோ ரீ-என்ட்ரி பெர்மிட்டோ இருந்தும் சுற்றுலா முத்திரை விழுந்திருந்தால், அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி அங்கேயே திருத்தச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்தபின் திருத்த முயல்வது பெரும்பாடு. ஆரம்பத்திலேயே அந்தப் பக்கத்தில் ஒரு காகிதத்தைச் செருகிக் கொடுத்தால் பிழை வரும் வாய்ப்பு குறையும். தேதியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் ஒரு நாளுக்கு 500 பாத், அதிகபட்சம் 20,000 பாத் அபராதம்.

மதிய ஷட்டிலைத் தவறவிட்டால் நிலையத்தில் உட்கார்ந்திருந்து பயனில்லை, அங்குள்ள கவுன்டர்கள் ரயில் நேரத்தை ஒட்டித்தான் இயங்கும். டாக்சி பிடித்துச் சாலைச் சோதனைச் சாவடிக்குப் போய், அங்கே முத்திரை வாங்கித் தாண்டினால் தாய்லாந்துப் பக்கத்தில் ஹாட் யாய்க்கு வேன் கிடைக்கும். இருட்டும் முன் போய்விடுங்கள். சாவடியும் இரவில் மூடிவிடும், வேன் அதற்கு முன்பே நின்றுவிடும்.