‘நான் யார்?’ என்று எப்படிக் கேட்கத் தொடங்குவது?

‘நான் யார்?’ என்று தனக்குள்ளேயே தேடிப் பார்க்கிற ஆன்ம விசாரம் செய்ய வேலையை விட வேண்டாம், காவி கட்ட வேண்டாம், யாரிடமும் பணம் கட்டித் தீட்சை வாங்கவும் வேண்டாம். 1902-ல் திருவண்ணாமலை மலையிலுள்ள விருபாட்ச குகைக்குப் போய், அங்கே இருந்த ரமண மகரிஷியிடம் ‘நான் யார்?’ என்று கேட்டாரே சிவப்பிரகாசம் பிள்ளை, அவர் வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். ரமணர் அப்போது பேசுவதில்லை, பதிலை எழுதித்தான் காட்டினார். அந்தப் பதில்களில் இருப்பதை வீட்டில் உட்கார்ந்தே செய்து பார்க்கலாம்.

காலையில் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள், முதல் மாதத்துக்கு அது போதும். போன் வேறு அறையில் இருக்கட்டும். சம்மணம் போட முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் நாற்காலியில் உட்காருங்கள், முதுகு நேராக இருந்தால் சரி. முதலில் சில நிமிடம் மூச்சு போவதையும் வருவதையும் சும்மா கவனியுங்கள். மூச்சு அடங்கினால் மனமும் கொஞ்சம் அடங்கும், ஆனால் மூச்சு பழையபடி ஓடத் தொடங்கியதும் மனமும் கூடவே ஓடும். அதனால் அதோடு நிறுத்திவிடக் கூடாது.

இனிதான் முக்கியமான வேலை. உட்கார்ந்த இரண்டாவது நிமிடமே ‘இந்த மாதம் ஸ்கூல் ஃபீஸ் கட்டணுமே’ என்று ஒரு நினைப்பு வரும். அதை விரட்டவும் வேண்டாம், அதன் பின்னால் போய்க் கணக்குப் போடவும் வேண்டாம். ‘இது யாருக்கு வந்தது?’ என்று உள்ளே கேளுங்கள். ‘எனக்கு’ என்று தோன்றும். சரி, அந்த ‘எனக்கு’ என்கிற ‘நான்’ யார், எங்கிருந்து கிளம்புகிறது என்று கவனத்தை அந்தப் பக்கம் திருப்புங்கள். திருப்பிய அந்தக் கணத்தில் ஃபீஸ் நினைப்பு காணாமல் போயிருக்கும், ‘இருக்கிறேன்’ என்கிற உணர்வு மட்டும் மிஞ்சும், அது இரண்டு நொடியோ மூன்று நொடியோதான், அதற்குள் அடுத்த நினைப்பு வந்துவிடும். மறுபடியும் யாருக்கு என்று கேளுங்கள். நூறு முறை வந்தால் நூறு முறையும் இப்படியே திரும்புவதுதான் பயிற்சி.

இங்கே பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இரண்டு இடங்களில். ஒன்று, ‘நான் யார், நான் யார்’ என்று மந்திரம் மாதிரி உருப்போடுவது. இன்னொன்று, ‘நான் ஆன்மா’, ‘நான் பிரம்மம்’ என்று புத்தகத்தில் படித்ததைப் பதிலாகச் சொல்லிக்கொள்வது. அந்தப் பதிலும் ஒரு நினைப்புதானே, அதுவும் யாருக்கு வந்தது? கேள்விக்குச் சொல்லில் விடை தேட வேண்டாம், கேட்கிறவனை நோக்கித் திரும்பினால் போதும். ஒளி தெரிகிறதா, உடம்பு சிலிர்க்கிறதா என்றெல்லாம் காத்திருக்கவும் வேண்டாம்.

இது பிடிபடவே இல்லை, எனக்கு ஜபம்தான் வரும் என்பவர்கள் ஜபத்திலேயே தொடங்கலாம். நிறைய மந்திர ஜபமும் தவமும் செய்திருந்த கணபதி முனிவர், தவம் என்றால் என்ன என்று 1907 நவம்பரில் ரமணரிடம் வந்து கேட்டபோது, மந்திரத்தை ஜபித்தால் அந்த ஒலி எங்கிருந்து எழுகிறது என்று கவனிக்கச் சொன்னார் ரமணர். முருகா என்றோ சிவாயநம என்றோ நீங்கள் சொல்லும்போதும் அதைச் செய்து பாருங்கள். பக்தி மிகுந்தவர்களுக்குச் சரணாகதியும் வழிதான், அதை ரமணர் ஒருபோதும் குறைத்துச் சொன்னதில்லை.

அப்புறம், மீதி நாள் முழுக்க என்ன செய்வது? என் அனுபவத்தில் உட்கார்ந்து செய்வதைவிட இதுதான் ஆளை மாற்றுகிறது. யாரோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்கள், நெஞ்சு கொதிக்கிறது. பதில் சொல்வதற்கு முன் ஒரே ஒரு முறை, யாருக்கு வலிக்கிறது என்று உள்ளே பாருங்கள். கோபத்தை அடக்கச் சொல்லவில்லை, பேச வேண்டியதைப் பிறகு பேசத்தான் வேண்டும், ஆனால் அந்த ஒரு பார்வைக்குப் பிறகு பேசுகிற பேச்சு வேறு மாதிரி இருக்கும். சாப்பாட்டில் ரமணர் வலியுறுத்தியது மிதமான சாத்துவிக உணவு. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும் என்பது உங்களுக்கே தெரியும்.

தூக்கமே இல்லை, மனச்சோர்வு, காரணமில்லாத பயம் என்று இருப்பவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள். விசாரம் மருந்துக்குப் பதிலாகாது.

முடிந்தால் ஒரு முறை திருவண்ணாமலை போய்வாருங்கள், பௌர்ணமிக் கூட்டத்தில் வேண்டாம், சாதாரண நாளாகப் பார்த்து. ரமணாசிரமத்துக்குப் பின்னால் மலைப்பாதையில் ஏறினால் ரமணர் தங்கியிருந்த கந்தாசிரமம், அங்கிருந்து இறங்கினால் விருபாட்ச குகை. உள்ளே போய் அரைமணி நேரம் பேசாமல் உட்காருங்கள்.

அதுவரை நாளைக் காலையிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தூக்கம் கலையும்போது, பேரும் ஊரும் அன்றைய வேலையும் ஞாபகத்துக்கு வருவதற்கு முன்னால், வெறும் ‘நான்’ மட்டும் எழும் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. கண்ணைத் திறந்ததும் போனைத் தேடாமல், இரண்டு மூச்சு நேரம் அப்படியே படுத்து அதைக் கவனியுங்கள்.