ருமேனியாவில் டெக் தொழில் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பாவில் இன்னும் வளர இடமிருக்கும் சந்தை எது என்று தேடுகிற நம் ஆட்களில் நிறையப் பேர் இப்போது ருமேனியாவில் வந்து நிற்கிறார்கள். சென்னை, பெங்களூர் குழுக்கள் வருகின்றன. லண்டனில் இருக்கும் தமிழர்களும் வருகிறார்கள். அவர்கள் காட்டும் ஸ்லைடுகளில் முதல் மூன்று எப்போதும் ஒன்றுதான்: இணையம் வேகம், புரோகிராமர்கள் நிறைய, ஐரோப்பிய ஒன்றிய உறுப்பு நாடு. மூன்றும் உண்மை. அங்கிருந்து நாலாவது ஸ்லைடுக்குத் தாவும்போதுதான் சறுக்குகிறார்கள். நாங்கள் வந்த புதிதில் சறுக்கிய அதே இடங்களில்.

மொழி தெரியாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது, உள்ளூர் வக்கீல் இல்லாமல் கம்பெனி பதிவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அதையெல்லாம் விமானம் ஏறுவதற்குள் யாராவது சொல்லிவிடுவார்கள்.

புரோகிராமர்கள் இருக்கும் ஊர் சாஃப்ட்வேர் வாங்கும் ஊர் என்று நினைப்பது

வைரஸ் தடுப்பு மென்பொருள் செய்யும் பிட்டிஃபெண்டரும், அலுவலக வேலைகளைத் தானியங்கியாக்கும் யூஐபாத்தும் ருமேனியாவில் பிறந்தவை. யூஐபாத் 2005-இல் தலைநகர் புக்கரெஸ்டில் டெஸ்க்ஓவர் என்ற பெயரில் தொடங்கி, 2021-இல் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலானது. இந்த இரண்டு பெயரையும் எல்லாரும் ஆசையாகக் காட்டுவார்கள். இவை யாருக்கு விற்று வளர்ந்தன என்று கேட்டால்தான் பேச்சு நிற்கும். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு விற்றுத்தான் இந்த உயரத்துக்கு வந்தன. க்ளூஜிலும் யாஷிலும் உட்கார்ந்து வேலை செய்யும் பொறியாளர்களில் பலர் எழுதித் தருவதும் ஜெர்மனிக்கோ அமெரிக்காவுக்கோதான். ஆள் எடுக்க வருகிறீர்கள் என்றால் இந்த ஊர்கள் தங்கம். பொருள் விற்க வருகிறீர்கள் என்றால் வேறு ஒரு எண்ணைப் பாருங்கள்: ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட்டின் 2023 கணக்குப்படி, அடிப்படை டிஜிட்டல் திறனாவது உள்ளவர்கள் ருமேனியாவில் சுமார் 28 சதவீதம். ஒன்றிய சராசரி சுமார் 56. ஒன்றிய நாடுகளில் கடைசி இடம்.

வேகமான இணையத்துக்கும் தனிக் கதை உண்டு. 1990-களின் கடைசியிலும் 2000-களின் தொடக்கத்திலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருந்த பையன்கள் கட்டடத்துக்குக் கட்டடம் கேபிள் இழுத்துத் தாங்களே நெட்வொர்க் போட்டுக்கொண்டார்கள். கேம் விளையாடவும் படம் பகிரவும் ஆரம்பித்தது அது. அப்புறம் பெரிய நிறுவனங்கள் அவற்றை வாங்கி ஃபைபராக மாற்றின. போட்டி கடுமையாக இருந்ததால் விலையும் குறைந்தே நின்றது. ஆக, அந்த வேகம் வீட்டு வாடிக்கையாளரால் வந்தது. அதே தெருவில் இருக்கும் தச்சுப்பட்டறை முதலாளி மாதச் சந்தா கட்டி சாஃப்ட்வேர் வாங்குவார் என்பதற்கு அது சாட்சி சொல்லாது.

அவர் வாங்கினாலும், எதை வாங்குவது என்று முடிவு செய்வது பெரும்பாலும் வெளியிலிருந்து கணக்கு எழுதித் தரும் அவருடைய கணக்காளர். சாகா, ஸ்மார்ட்பில் போன்ற உள்ளூர்க் கணக்கு மென்பொருள்கள் அவர்கள் கைக்குப் பழகியவை. முதலாளியை மட்டும் பார்த்துவிட்டு வந்து ‘நல்ல ஆர்வம் காட்டினார்’ என்று அறிக்கை எழுதாதீர்கள். காபி கொடுத்து உட்காரவைத்து நன்றாகப் பேசுவது இங்கே மரியாதை. அதற்கு மேல் அர்த்தம் இல்லை.

மானியப் பணத்தைச் சந்தை என்று எண்ணுவது

இதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்துகிற தவறு. படித்தவர்கள், எண்களோடு பழகியவர்கள், மறுபடி மறுபடி இதில்தான் போய் விழுகிறார்கள்.

பின்னணி தெரிந்தால்தான் புரியும். கோவிட்டுக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியம் ஒவ்வொரு உறுப்பு நாட்டுக்கும் மீட்சி நிதி ஒதுக்கியது. ருமேனியாவுக்கு ஒதுக்கியது மானியமும் கடனுமாக இருபது பில்லியன் யூரோவுக்கு மேல். அதில் ஐந்தில் ஒரு பங்கையாவது டிஜிட்டல் பணிகளுக்குச் செலவழிக்க வேண்டும் என்பது விதி. அதன் ஒரு பகுதியாகச் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 1 லட்சம் யூரோ வரை மானியம் அறிவித்தார்கள். இணையதளம் இருக்கிறதா, க்ளவுட் சேவை வாங்குகிறார்களா, கொள்முதல், கணக்கு, சரக்கு எல்லாவற்றையும் ஒன்றாக நிர்வகிக்கும் இஆர்பி மென்பொருள் உண்டா என்று 12 அளவுகோல்கள். திட்டம் முடியும்போது குறைந்தது 6-ஐத் தொட்டிருக்க வேண்டும்.

இப்போது ஒரு சிறு தொழிற்சாலை முதலாளியின் இடத்திலிருந்து பாருங்கள். அவருக்கு லேப்டாப்பும் சர்வரும் வேண்டும். அதை மானியத்தில் வாங்க அந்த ஆறு கட்டங்களையும் டிக் அடித்தாக வேண்டும். விண்ணப்பம் எழுதித் தர ஒரு ஆலோசகர் இருப்பார். அவர் ‘இதோடு வாடிக்கையாளர் விவரம் வைக்கும் ஒரு சிஆர்எம்மும் ஒரு கிடங்கு மென்பொருளும் சேர்த்துக்கொள்ளுங்கள், மதிப்பெண் வந்துவிடும்’ என்பார். சரி என்று கையெழுத்துப் போடுவார் முதலாளி. அங்கே உங்கள் பொருள் விற்றுவிட்டது. அதைப் பயன்படுத்த வேண்டும் என்ற எண்ணம் அந்த அறையில் யாருக்கும் வரவில்லை.

இந்தியாவிலிருந்து வந்த ஒரு குழுவை எனக்குத் தெரியும், பெயர் வேண்டாம். கிடங்குச் சரக்கை ஸ்கேன் செய்து கணக்கு வைக்கும் மென்பொருள், உண்மையிலேயே நல்ல பொருள். முதல் வருடம் ஆர்டர்கள் கொட்டின. புக்கரெஸ்டில் அலுவலகம் பிடித்து, ஆள் எடுத்து, அந்த வளர்ச்சி வேகத்தை அப்படியே ஐந்து வருடத்துக்கு நீட்டி முதலீட்டாளர்களுக்குக் காட்டத் தயாரானார்கள். அதற்கு முன் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள் என்று என்னிடம் வந்தார்கள். விற்பனைத் தாளை மூடச் சொல்லிவிட்டு, போன மாதம் எத்தனை வாடிக்கையாளர்கள் லாகின் செய்தார்கள் என்று கேட்டேன். அந்தக் கணக்கை அவர்கள் அதுவரை எடுத்ததே இல்லை.

எடுத்துப் பார்த்தபோது முகம் வெளிறிவிட்டது. நம்பாமல், டிரான்சில்வேனியாவில் மரச்சாமான் செய்யும் ஒரு வாடிக்கையாளரிடம் நேரில் போனோம். டேப்லெட்டுகள் பெட்டியிலேயே இருந்தன, மேலே சுற்றிய பிளாஸ்டிக்கூடப் பிரிக்கவில்லை. கிடங்குக்காரர் கோடு போட்ட நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார். முதலாளி எதையும் மறைக்கவில்லை. “விதிப்படி எத்தனை வருடம் வைத்திருக்கச் சொன்னார்களோ அதுவரை பத்திரமாக இருக்கும்” என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, நமக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார்.

அடுத்த வருடம் சந்தாவைப் புதுப்பித்தவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலர் யார் என்று பார்த்தால், மானியம் இல்லாமல் சொந்தப் பணத்தில் வாங்கியவர்கள்.

இதில் இன்னும் சில முள்கள் உண்டு. மானியத்தில் வாங்குகிறவர் மாதச் சந்தாவை விரும்ப மாட்டார். திட்ட காலத்துக்குள் ஒரே பில்லாக, முழு லைசென்ஸாகக் கேட்பார். உங்கள் வருமானக் கணக்கில் அது முதல் வருடத்தைப் பெரிதாக்கிக் காட்டி, மீதி வருடங்களைக் காலியாக்கிவிடும். பணம் வருவதும் அவர் கையில் இல்லை. அவர் கோரிக்கை அனுப்பி, அதை அதிகாரிகள் சரிபார்த்து, விளக்கம் கேட்டு, அப்புறம்தான் விடுவிப்பார்கள். அதுவரை உங்கள் ஊழியர் சம்பளத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். நடுவில் விதிமுறைத் தாள் மாறினால் கோரிக்கையும் புதிதாகப் போக வேண்டியிருக்கும். விலைப்புள்ளி கேட்டு ஒப்பிட்டு வாங்கியதாகக் காகிதமும் வேண்டும் என்பதால், பேசி முடித்த பிறகும் வேலை கைமாறலாம்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று: மீட்சி நிதியின் இலக்குகளை முடிக்க ஒன்றியம் வைத்த கடைசி நாள் 2026 ஆகஸ்ட் 31. அந்தத் தேதிக்கு முந்தைய வருடங்களின் விற்பனையை வைத்து அதற்குப் பிந்தைய வருடங்களின் சந்தையை அளக்கிறவர்களிடம் என்ன சொல்வது! வேறு ஐரோப்பிய நிதிகள் வரும், வந்துகொண்டுதான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வேறு டிக் பட்டியல் இருக்கும், அதில் உங்கள் பொருள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

மானிய வியாபாரமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அதைத் தனிப் பத்தியில் எழுதுங்கள், வளர்ச்சி விகிதத்தில் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் முதலில் உங்களைக் கூப்பிட்டது முதலாளியா, திட்ட ஆலோசகரா என்று குறித்துவையுங்கள். அந்த ஒரு குறிப்பே பாதி உண்மையைச் சொல்லிவிடும். ஒரு உள்ளூர் நிறுவனத்தை வாங்கவோ அதில் பணம் போடவோ போகிறீர்கள் என்றால், இரண்டாம் வருட இன்வாய்ஸ்களைக் கேளுங்கள். முதல் வருடத்து இன்வாய்ஸை எடுத்து நீட்டினால் வாங்கி மேசையில் வைத்துவிட்டு மறுபடியும் கேளுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க நல்ல எடுத்துக்காட்டு இ-ஃபாக்துரா. நிறுவனங்களுக்கு இடையிலான பில்களை வரித்துறையின் மின்னணு அமைப்பு வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று 2024-இல் கட்டாயமாக்கினார்கள். அந்த வருடம் ஜூலையிலிருந்து வெறும் பிடிஎஃப் பில் செல்லாது. மானியம் யாரும் தரவில்லை. ஆனால் ஒவ்வொரு கடைக்காரரும் ஒவ்வொரு மாதமும் அதைச் செய்தாக வேண்டும், தவறினால் அபராதம். இப்படிப் பிறந்த தேவைதான் மூன்றாம் வருடமும் இருக்கும். அங்கே போட்டி வேறு கதை: வரித்துறையே இலவசக் கருவி கொடுக்கிறது, உள்ளூர் பில்லிங் மென்பொருள்களும் உடனே அந்த வசதியைச் சேர்த்துவிட்டன. அதனால் நேரே பில்லிங்கில் இறங்காமல், அந்தத் தரவை வைத்து வேறு என்ன செய்யலாம் என்று யோசிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வருகிறது.

வரிச்சலுகையை ஐந்து வருடக் கணக்கில் எழுதுவது

மென்பொருள் ஊழியர்களுக்கு வருமான வரி இல்லை என்ற சலுகை 2001-இல் வந்தது. இருபது வருடத்துக்கு மேல் அசையாமல் இருந்ததால் அது நாட்டின் இயற்கை வளம் மாதிரி எல்லார் கணக்கிலும் உட்கார்ந்துவிட்டது. 2023 நவம்பரில், மாதச் சம்பளத்தில் 10,000 லேய் (ருமேனிய நாணயம்) வரைதான் விலக்கு என்று சுருக்கினார்கள். 2025 ஜனவரியில் முழுதாக எடுத்துவிட்டார்கள்.

குறு நிறுவனங்களுக்கான விற்றுமுதல் வரியும் அப்படித்தான். அதற்கான உச்சவரம்பு 5 லட்சம் யூரோவாக இருந்தது, 2025-இல் இரண்டரை லட்சமானது, 2026-இல் ஒரு லட்சம். 2025 ஆகஸ்டில் மதிப்புக் கூட்டு வரி 19-இலிருந்து 21 சதவீதமாக ஏறியது. 2024-இல் பட்ஜெட் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 9.3 சதவீதம், ஒன்றியத்திலேயே அதிகம். இந்த ஒரு எண்ணைப் பார்த்தவர்களுக்கு மற்றதெல்லாம் அதிர்ச்சியாக இருந்திருக்காது.

சலுகை எதுவும் இல்லாமல் கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்போதும் லாபம் வந்தால் மேலே பேசலாம்.

சம்பளத்தை மொத்தத் தொகையில் பேசுவது

இங்கே பொறியாளர் சொல்லும் தொகை பெரும்பாலும் கைக்கு வருவது. ஓய்வூதியத்துக்கு 25, மருத்துவத்துக்கு 10, மீதியில் வருமான வரி 10 சதவீதம் போனால், 10,000 லேய் சம்பளத்தில் கையில் 5,850. அவர் 10,000 கைக்கு வேண்டும் என்றால் உங்களுக்கு 17,000-க்கு மேல். நிறுவனம் தன் பங்காகக் கட்டும் 2.25 சதவீதம் தனி.

புக்கரெஸ்டைப் பார்த்துவிட்டு ருமேனியாவைப் பார்த்ததாகச் சொல்வது

தலைநகர வட்டாரத்தின் தலா வருமானம் வாங்கும் திறன் கணக்கில் ஒன்றிய சராசரியைத் தாண்டி நிற்கிறது. மால்டோவா எல்லைப் பக்கம் வடகிழக்கில் அந்தச் சராசரியில் கிட்டத்தட்ட பாதிதான். மக்கள்தொகையில் கிட்டத்தட்ட பாதி கிராமம். இரண்டுக்கும் ஒரே விலைப்பட்டியல் வைக்கிறவர்கள் இரண்டையும் இழப்பார்கள்.

முதல் வருடமே அரசு டெண்டர்

வேண்டாம். பெரும்பாலும் விலை குறைவானவருக்கே போகும், தோற்றவர் முறையீடு போடுவார், உங்கள் ஆட்கள் காத்திருப்பார்கள்.

கார்டு வந்துவிட்டது, ரொக்கம் போய்விட்டது என்று எழுதுவது

ஆன்லைனில் வாங்கிவிட்டுப் பொருள் வந்ததும் பணம் கொடுக்கும் ‘ராம்புர்ஸ்’ பழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பார்சல் பெட்டகங்கள் தெருவுக்குத் தெரு வந்த பிறகு கார்டு கூடியிருக்கிறது, ஆனால் பணம் திரும்பி வரும் நாட்களையும் வாங்காமல் திருப்பி அனுப்பப்படும் பொருளையும் கணக்கில் எடுக்காத இ-காமர்ஸ் திட்டத்தை நான் முழுசாகப் படிப்பதில்லை.

ஈஸ்டர் வாரத்தில் கூட்டம் வைப்பது

இங்கே கொண்டாடும் ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் பல வருடங்களில் நமக்குத் தெரிந்த ஈஸ்டரிலிருந்து வேறு தேதியில் வரும். காலண்டரைப் பாருங்கள்.

யூரோவில் பேசி, லேயில் பில் போட்டு, விகிதத்தை எழுதாமல் விடுவது

ருமேனியா இன்னும் யூரோவுக்கு மாறவில்லை. உள்ளூர் நிறுவனங்கள் விலையை யூரோவில் பேசினாலும் பில் லேயில்தான் வரும். எந்த நாளின் தேசிய வங்கி மாற்று விகிதம், பில் தேதியா, பணம் கட்டும் தேதியா என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். உள்ளூர் வக்கீல் கேட்காமலே சேர்ப்பார். மாதிரி ஒப்பந்தத்தை ஊரிலிருந்து கொண்டுவந்தவர்கள்தான் அப்புறம் கணக்காளரோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.