உள்ளங்கால் வளைவில் வலியா? போத்தலை உறையவையுங்கள்

காலையில் கட்டிலைவிட்டு இறங்குமுன் கால்விரல்களைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கி இழுங்கள். 10 விநாடி, 10 முறை. மாலையில், உறையவைத்த தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி உள்ளங்காலுக்கு அடியில் 10 நிமிடம் உருட்டுங்கள். குதிகாலிலிருந்து விரல்வரை ஓடும் தடித்த திசுப்பட்டை இரவில் இறுகிவிடுகிறது. அதனால்தான் முதல் அடி குத்துகிறது, சற்று நடந்ததும் தணிகிறது. முன்பே நீட்டிவிட்டால் அந்த இழுப்பு குறையும். குளிர்ச்சி வலியை மட்டுப்படுத்தும். வீட்டுத் தரையில் வெறுங்கால் நடையையும் தட்டையான ரப்பர் செருப்பையும் (ஈரச்சந்தைக்கும் அதுதானே நமக்கு!) சில வாரம் ஒதுக்கிவையுங்கள்.

நீரிழிவால் கால் மரத்தவர்களுக்குப் பனிக்கட்டி வேண்டவே வேண்டாம். உள்ளங்கால் வீங்கிக் கன்றிப்போய் ஊன்றவே முடியாவிட்டால் போத்தல் உதவாது. பலதுறை மருந்தகத்துக்குச் செல்லுங்கள்.