என்.எஃப்.எஸ். மவுண்டை இடையில் நிறுத்தினால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் கலியாண வீடியோ எடிட் செய்கிற ஸ்ரூடியோ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வீடியோக்கள் எல்லாம் ஒரு லினக்ஸ் சேர்வரில். மற்றக் கணினிகள் என்.எஃப்.எஸ். மவுண்ட் மூலம், அதாவது சேர்வரின் ஃபோல்டரை நெட்வேர்க் வழியே தங்கள் ஃபோல்டர்போல இணைத்துக்கொண்டு, அதைப் பார்க்கின்றன. கரண்ட் போய் வந்தால் மேசைக் கணினி முதலில் எழும்பிவிடும். சேர்வர் டிஸ்க்கைச் சரிபார்த்து எழும்ப நேரமாகும். மவுண்ட் கட்டளை பதிலில்லாமல் நிற்கும். உடனே அதை நிறுத்த கண்ட்ரோல்-சி அழுத்துவோம்.

அந்த அவசரம் தேவையில்லை. மவுண்ட் தானாகவே 2 நிமிடம் வரை திரும்பத் திரும்ப முயலும். அதற்குள் சேர்வருக்கு பிங் போகிறதா (நெட்வேர்க்கில் பதில் தருகிறதா), என்.எஃப்.எஸ். பயன்படுத்தும் 2049ஆம் போர்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, நிறுத்தியாயிற்று. இனித்தான் பெரிய ஆபத்து: மவுண்ட் ஆகாத ஃபோல்டருக்குள் கொப்பி செய்வது. சேர்வரை இணைக்கும் இடமான மவுண்ட் பொயின்ட்டும் சாதாரண ஃபோல்டர்தான். அதில் போடுவது சேர்வருக்குப் போகாமல் உங்கள் டிஸ்க்கிலேயே விழும். பிறகு மவுண்ட் சரிவந்ததும் அந்தக் கோப்புகள் கண்ணில் படாது. அவை அழியவில்லை, சேர்வரின் ஃபோல்டர் மேலே வந்து மூடியிருக்கிறது. யுமவுண்ட் செய்தால், அதாவது இணைப்பைக் கழற்றினால், திரும்பத் தெரியும். ஆனால் அதற்கிடையில் கமரா கார்ட்டை ஃபார்மட் செய்துவிட்டால், சேர்வரில் பிரதியே இல்லாத கலியாணம் ஒன்று அந்த ஒரே டிஸ்க்கை நம்பிக் கிடக்கும். ஆகவே கார்ட்டை அழிக்குமுன் சேர்வரிலேயே போய்க் கோப்பைப் பாருங்கள். மவுண்ட் ஆகாத நேரத்தில் அந்த வெறும் ஃபோல்டரில் ரூட் (நிர்வாகி கணக்கு) தவிர வேறு யாரும் எழுத முடியாதபடி உரிமையை மாற்றிவைப்பது இன்னும் நல்லது.

மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பார்க்க, டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் (df) கட்டளையைக் கொடுக்காதீர்கள். சேர்வர் பதில் தராவிட்டால் அதுவும் சேர்ந்து நின்றுவிடும். அதற்குப் பதில் ஃபைண்ட்-எம்என்டி (findmnt) கட்டளையைக் கொடுங்கள்; அது சேர்வரைக் கேட்காமல், லினக்ஸின் மையமான கேர்னல் வைத்திருக்கும் மவுண்ட் பட்டியலை மட்டும் வாசிக்கும்.

மவுண்டில் 'பிஜி' (bg, பின்னணி) ஒப்ஷன் போட்டிருந்தால் முதல் முயற்சி தோற்றதும் வேலை பின்னணிக்குப் போய்விடும்; கண்ட்ரோல்-சி அதைத் தொடாது. அது 10,000 நிமிடம், கிட்டத்தட்ட ஒரு வாரம், முயன்றுகொண்டே இருக்கும். மறுபடி மவுண்ட் கொடுக்குமுன் பழையது ஓடுகிறதா என்று, ஓடும் வேலைகளைக் காட்டும் பிஎஸ் (ps) கட்டளையில் பாருங்கள்.

தொங்கல் தொல்லைக்காக, சேர்வர் பதில் தராவிட்டால் பிழை காட்டிக் கைவிடும் 'சொஃப்ட்' (soft) ஒப்ஷனுக்கு மாறுவதை நான் ஏற்கமாட்டேன். எழுதும்போது நெட்வேர்க் அறுந்தால் கோப்பு பழுதாகலாம். தொங்கிய வேலையை இடையில் நிறுத்த விடும் 'இன்டர்' (intr) ஒப்ஷன் லினக்ஸ் 2.6.25 முதல் எந்த வேலையும் செய்வதில்லை. தொங்கிய புரோகிராமை, கட்டாயமாக நிறுத்தும் கில் -9 (kill -9) கொண்டு நிறுத்துங்கள், பிறகு யுமவுண்ட் செய்யுங்கள். அதுவும் முடியாவிட்டால் மட்டும், பயன்பாட்டில் இருந்தாலும் இணைப்பை உடனே பிரித்துவிடும் யுமவுண்ட் -எல் (umount -l).