சாந்தோ தொமிங்கோ பழைய நகரை இரண்டு தடவை நடந்து பாருங்கள்

வேலை நிமித்தமாக டொமினிக்கன் குடியரசின் தலைநகரான சாந்தோ தொமிங்கோவில் இரண்டு வருஷம் இருந்தேன். பழைய நகரத்துக்குள்ளேயே, எல் கொன்தே கடைத்தெருவுக்கு நாலு கட்டடம் தள்ளி, மூன்றாவது மாடியில் வீடு. லிஃப்ட் கிடையாது. நியூஜெர்சியிலிருந்தோ டொராண்டோவிலிருந்தோ சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் ஊர் சுற்றிக்காட்டுகிற வேலை என் தலையில் விழும். முதல் மூன்று நாலு தடவை எல்லாரையும் போலப் பத்து மணிக்குக் கிளம்பினேன். ஒரு மணிக்குள் வெயிலில் சுருண்டு, ஒருவரோடு ஒருவர் பேசாமல் வீடு திரும்பினோம். அதற்கப்புறம் கண்டுபிடித்த வழி இது.

சோனா கொலோனியல் என்கிற இந்தப் பழைய நகரம் சுமார் ஒரு சதுர கிலோமீட்டர்தான். அதனால் ஒரே மூச்சில் முடிக்கத் தோன்றும். முடிக்காதீர்கள். காலை ஏழு மணிக்கு ஒரு நடை, கல்லைப் பார்க்க. மாலை ஐந்து மணிக்கு மேல் இன்னொரு நடை, மனிதர்களைப் பார்க்க. நடுவில் பதினொன்றரையிலிருந்து நாலு வரை ஏதாவது கூரைக்குக் கீழே இருங்கள். திங்கட்கிழமையைத் தவிர்ப்பது நல்லது. அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கும் அன்று விடுமுறை. டிசம்பரிலிருந்து மார்ச் வரை வெயில் கொஞ்சம் தணிந்திருக்கும். ஜூனிலிருந்து நவம்பர் வரை புயல் காலம்.

இந்த நகரம் இந்த இடத்துக்கு வந்ததே ஒரு புயலால்தான். கொலம்பஸின் தம்பி பர்த்தொலோமே 1496இல் ஒசாமா ஆற்றின் கிழக்குக் கரையில் ஊரை அமைத்தார். 1502இல் புயல் அதை அழித்தது. ஆளுநராக வந்த நிக்கோலாஸ் தே ஒவாந்தோ மேற்குக் கரைக்கு மாற்றி, நூல் பிடித்தாற்போலத் தெருக்கள் போட்டார். அந்தக் கட்டம் இன்றும் அப்படியே இருப்பதால் இங்கே வழி தவறுவது கஷ்டம். கிழக்கே ஆறு, தெற்கே கடல், அவ்வளவுதான்.

காலை நடையை லாஸ் டமாஸ் தெருவின் தெற்கு முனையிலிருந்து தொடங்குங்கள். ஐரோப்பியர்கள் அமெரிக்காவில் கல் பாவிய முதல் தெரு என்று இதைச் சொல்வார்கள். பெயருக்கு 'சீமாட்டிகள் தெரு' என்று பொருள். கொலம்பஸின் மகன் தியேகோவின் மனைவி மரியா தே தொலேதோ தன் தோழிப் பெண்களோடு மாலையில் உலாவிய தெரு. ஏழு மணிக்கு ஆற்றுப் பக்கமிருந்து வெயில் சாய்வாக விழும்போது தெருவில் நீங்களும் பூனைகளும் மட்டும் இருப்பீர்கள். சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ராமநாதபுரத்துக்காரரான என் பெரியம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "இது நம்ம தனுஷ்கோடிக் கோயில் கல்லுடி" என்றார். புயலில் இடிந்த தனுஷ்கோடி மாதா கோயிலைச் சொன்னார். சரியாகத்தான் சொன்னார், இரண்டுமே பவளப்பாறைக் கல். இங்கே கோட்டையும் பேராலயமும் மாளிகையும் கடலிலிருந்து பிறந்த இந்தக் கல்லால்தான் எழுந்தவை. உற்றுப் பார்த்தால் பவளத்தின் துளைகள் தெரியும். மழை பெய்திருந்தால் கீழே பாவிய கல்லும் வழுக்கும். ரப்பர் அடிப் பட்டை உள்ள செருப்பு போதும், குதிகால் செருப்பு வேண்டாம்.

தெருவின் வடக்கு முனையில் 1753இல் கட்டிய சூரியக் கடிகாரம் நிற்கிறது. எதிரே இருப்பது ஸ்பானிய அரசின் பழைய அலுவலகக் கட்டடம். அங்கே வேலை பார்த்தவர்கள் சன்னலிலிருந்தபடியே மணி பார்க்க வைத்தது என்பார்கள். அங்கிருந்து மேற்கே ஏறினால் மேட்டின் மேல் சான் பிரான்சிஸ்கோ மடத்தின் இடிபாடு. அப்புறம் ஓஸ்தோஸ் தெரு வழியாக இறங்குங்கள். இரண்டு பக்கமும் மஞ்சளும் நீலமுமாகச் சின்னச் சின்ன வீடுகள். பாதி வழியில் சான் நிக்கோலாஸ் மருத்துவமனையின் இடிந்த வளைவுகள். 1503இல் தொடங்கிய மருத்துவமனை, இன்று உள்நோயாளிகள் எல்லாம் புறாக்கள்.

இதற்குள் பசிக்கும். மங்கூ கேளுங்கள். பச்சை வாழைக்காயை வேகவைத்து, வெண்ணெய் போட்டு மசித்து, மேலே வினிகரில் வதக்கிய வெங்காயம். கூடவே முட்டை, பொரித்த பாலாடைக்கட்டி, சலாமி மூன்றும் வந்தால் அதற்குப் பெயர் 'மூன்று அடி'. சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது: 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் கோழியும் ஹாமும் வந்து சேரும். அவர்கள் கணக்கில் அதெல்லாம் இறைச்சியில் சேராது. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விலக்க வேண்டும். விலைப்பட்டியலைப் பார்க்கும்போதும் ஒரு எச்சரிக்கை. 18 சதவீத வரியும் 10 சதவீத சேவைக் கட்டணமும் பல இடங்களில் பில்லில்தான் ஏறும்.

ஒன்பது மணிக்கு மேல் கோட்டைக்குப் போங்கள். ஒசாமா கோட்டையை ஒவாந்தோ 1502இல் தொடங்கினார். கோபுரத்தின் குறுகிய படிகளில் ஏறினால் ஆற்றின் வாய் முழுக்கத் தெரியும். ஊர்க்காரர்கள் கோட்டையை வேறு விதமாகவும் நினைவு வைத்திருக்கிறார்கள். 1960கள் வரை இது சிறைச்சாலை. 1936 முதல் 1961 வரை இந்த நகரத்துக்கே சர்வாதிகாரி துருகியோவின் பெயர்தான். அந்தக் காலத்தைத் தெரிந்துகொள்ள அர்சொபிஸ்போ நூவெல் தெருவில் எதிர்ப்புப் போராட்ட நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. மத்தியான வெயிலுக்கு நான் ஆட்களை அழைத்துப்போகிற இடம் அது.

கோட்டையிலிருந்து மறுபடி வடக்கே, அல்காசர். தியேகோ கொலம்பஸின் மாளிகை. 1510ஐ ஒட்டிக் கட்டத் தொடங்கி, பின்னால் பாழடைந்து கிடந்து, 1950களில் மீட்டெடுத்தது. அதனால் உள்ளே இருக்கிற நாற்காலியும் கட்டிலும் தியேகோ உட்கார்ந்தவை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மாடி வளைவுகளில் நின்று ஆற்றைப் பார்ப்பதற்காகவே போகலாம். அங்கே நிற்கும்போது நான் சொல்கிற கதை ஒன்று உண்டு. 1521 கிறிஸ்துமஸ் சமயத்தில் இதே தியேகோவின் கரும்புத் தோட்டத்தில் ஆப்பிரிக்க அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அமெரிக்காக்களில் பதிவான முதல் பெரிய அடிமைக் கிளர்ச்சிகளில் அது ஒன்று. இந்த ஊரில் மூலைக்கு மூலை 'முதல் பேராலயம்', 'முதல் மருத்துவமனை', 'முதல் தெரு' என்று பலகை இருக்கிறது. விருந்தாளிகள் எண்ணிக்கொண்டே வருவார்கள். இந்த 'முதல்' மட்டும் அந்தக் கணக்கில் வராது. இந்தத் தீவின் பூர்வகுடிகளான தாயினோ மக்களும் அப்படித்தான், பலகைகளில் தேடினால் அரிதாகத்தான் கிடைப்பார்கள். கொலம்பஸ் பூங்காவில் சிலையைச் சுற்றிவந்து பாருங்கள். மேலே அவர் கை நீட்டி நிற்க, பீடத்தில் ஏறிக்கொண்டிருக்கும் பெண் அனகவோனா. தாயினோ அரசி. ஒவாந்தோவின் ஆட்சியில் தூக்கிலிடப்பட்டவர். அதே ஒவாந்தோவுக்கு அல்காசர் முன்னால் தனிச் சிலை.

பூங்காவை ஒட்டியதுதான் பேராலயம். தோள், முழங்கால் மூடிய உடை வேண்டும். ஒரு துப்பட்டா பையில் இருந்தால் கவலை இல்லை. 1540ஐ ஒட்டிக் கட்டி முடித்தது. உள்ளே நல்ல குளிர்ச்சி. 1586இல் ஆங்கிலேயக் கடற்கொள்ளையர் பிரான்சிஸ் டிரேக் ஊரைப் பிடித்து, இந்தக் கோயிலிலேயே தன் ஆட்களோடு தங்கி, பணம் வரும்வரை தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஊரை எரித்தார். கடைசியில் 25,000 டுகாட் நாணயம் கொடுத்து அனுப்பினார்கள். கொலம்பஸின் எலும்பு என்று சொல்லி ஒரு ஈயப் பெட்டியை 1877இல் எடுத்ததும் இங்கேதான். 1992இல் அதை ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள கலங்கரை விளக்க நினைவுச்சின்னத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஸ்பெயினின் செவிய்யா நகரத்துக்காரர்கள் உண்மையான எலும்பு தங்களிடம்தான் என்கிறார்கள். அந்தச் சண்டைக்குள் நீங்கள் போக வேண்டாம், டாக்ஸிக்காரரிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

பேராலய வாசலில் அடையாள அட்டை தொங்கவிட்ட வழிகாட்டிகள் நிற்பார்கள். அட்டை இல்லாதவர்களும் நிற்பார்கள். முதல் மாதம் அட்டை இல்லாத ஒருவரோடு போனேன். இருபது நிமிஷம் வரலாறு, அப்புறம் நாற்பது நிமிஷம் ஒரு கல் கடை. அங்கே வாங்கிய நீலக் கல் தோடு ஆறே வாரத்தில் வெளுத்தது. லாரிமார் என்கிற அந்த நீலக் கல் உலகத்திலேயே இந்த நாட்டின் பரஓனா மலையில் மட்டும்தான் கிடைக்கிறது. 1974இல் அதை வெளியே கொண்டுவந்த மிகேல் மெந்தெஸ் தன் மகள் லாரிஸாவின் பெயரையும், கடலுக்கான 'மார்' என்ற சொல்லையும் சேர்த்துப் பெயர் வைத்தார். வாங்குவதானால் எழுத்தில் ரசீது கொடுக்கிற கடையில் மட்டும் வாங்குங்கள். யாரோ கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிற கடையில் வேண்டாம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மோரோ தே குவாந்துலேஸ் கேளுங்கள். குவாந்துலேஸ் வேறொன்றும் இல்லை, நம் துவரை. பச்சையாகப் பறித்து அரிசியோடு சேர்த்து வேகவைப்பார்கள். சில சமையலறைகளில் இதிலும் இறைச்சி சேரும், அதனால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சட்டியில் அடிப்பிடித்த சோற்றுக்கு 'கொன்கொன்' என்று தனிப் பெயர், தனி மரியாதை. வெட்கப்படாமல் கேட்டால் சிரித்துக்கொண்டே சுரண்டித் தருவார்கள். எப்போது வரும் என்று கேட்டு 'அஓரீத்தா' என்று பதில் வந்தால், இந்த ஊரில் அதற்கு 'அப்புறம்' என்று அர்த்தம். மெக்சிகோவில் ஸ்பானிஷ் படித்துவிட்டு வந்த என் தோழி 'இதோ இப்போது' என்று நினைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் தண்ணீருக்குக் காத்திருந்தாள்.

மாலை நடையை தொமினிக்கன் துறவிகளின் மடத்திலிருந்து தொடங்குகிறேன். 1511 டிசம்பர் 21 அன்று அந்தோன் தே மொந்தெசினோஸ் என்ற துறவி, தியேகோ கொலம்பஸும் அதிகாரிகளும் உட்கார்ந்திருந்த பூசையில், இந்தத் தாயினோ மக்களை எந்த உரிமையில் அடிமை கொள்கிறீர்கள், இவர்கள் மனிதர்கள் இல்லையா என்று கேட்டார். இப்போதுள்ள கல் கட்டடம் பிறகு வந்தது. கடற்கரைச் சாலையில் அவருக்குப் பெரிய சிலை இருக்கிறது, வாயருகே கை வைத்துக் கத்துகிற மாதிரி. மெக்சிகோ கொடுத்தது. கால் வலிக்காவிட்டால் அங்கே வரை போய் வாருங்கள்.

அப்புறம் எல் கொன்தே. வண்டி போகாத தெரு. கிழக்கிலிருந்து மேற்காக நடங்கள், எதிரே சூரியன் இறங்கும். ஓவியம் விற்கிறவர்கள், சதுரங்கம் ஆடுகிற தாத்தாக்கள், ஸ்பீக்கரில் பச்சாத்தா பாட்டு. போனைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்க வேண்டாம். பக்கத் தெருக்களில் மோட்டார் சைக்கிளில் வந்து பறிப்பவர்கள் உண்டு. தெரு முடிகிற இடத்தில் கொன்தே வாசல். 1844 பிப்ரவரி 27 அன்று நாட்டின் விடுதலையை அறிவித்த இடம். ஸ்பெயினிடமிருந்து என்றுதான் வருகிறவர்கள் எல்லாரும் நினைப்பார்கள். இல்லை, 22 வருஷம் ஆண்ட ஹைட்டியிடமிருந்து. உள்ளே விடுதலைத் தலைவர்களான துவார்த்தே, சாஞ்செஸ், மெய்யா மூவருக்கும் நினைவிடம். நாட்டின் சாலைத் தூரங்களை அளக்கிற பூஜ்யம் கிலோமீட்டரும் இங்கேதான்.

திரும்பும்போது ஏதாவது பக்கத் தெருவில் ஒரு கொல்மாதோவில் உட்காருங்கள். நம் ஊர் மளிகைக் கடைதான், ஆனால் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியும் டோமினோ மேசையும் பாட்டும் உண்டு. பியர் குடிப்பவர்கள் 'மணப்பெண் உடையில்' என்று கேட்டால், பாட்டில் முழுக்க வெள்ளையாக உறைபனி படிந்து வரும். குடிக்காதவர்களுக்குச் சினோலா, அதாவது பேஷன் பழச்சாறு. டோமினோ ஆடுகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று யோசனை மட்டும் சொல்லாதீர்கள். என் சித்தப்பா சொன்னார். ஸ்பானிஷ் தெரியாமலே, கையைக் காட்டியே சொன்னார். எழுந்து நாற்காலியை அவரிடம் கொடுத்துவிட்டார்கள். அடுத்த ஒன்றரை மணி நேரம் எங்களால் வீட்டுக்குக் கிளம்ப முடியவில்லை.