பள்ளியில் பாராட்டு விழா: எந்தப் பிள்ளையும் விடுபடாமல் நடத்துவது எப்படி?

பள்ளியில் பாராட்டு விழா முடிந்து கூட்டம் கலையும்போது, மேடை ஏறிய பிள்ளைகளைவிட ஏறாத பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால்தான் அந்த விழா எப்படி நடந்தது என்பது தெரியவரும். 30 பேர் படிக்கும் வகுப்பில் 3 பேர் பரிசு வாங்க, மீதி 27 பேர் ஆண்டுதோறும் கைதட்டிவிட்டு வீடு திரும்பும் ஏற்பாட்டை ஒரு பள்ளியின் கொண்டாட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்காக எல்லோருக்கும் ஒரே வாசகத்தோடு சான்றிதழ் அச்சடித்துக் கொடுத்துவிடுவதும் தீர்வாகாது. எதற்காகத் தன்னைப் பாராட்டினார்கள் என்று அறியாத பிள்ளைக்கு அது வெறும் தாள்தான். ஒவ்வொரு பிள்ளையிடமும் உண்மையிலேயே நிகழ்ந்த ஏதோ ஒன்றைப் பெரியவர்கள் கவனித்து வைத்திருக்க வேண்டும். அந்தக் கவனிப்பைப் பலரறியச் சொல்லும் நாளாக விழா அமைய வேண்டும். ஆகவே வேலை, விழாவுக்கு ஒரு மாதம் முன்பு அல்ல, கல்வியாண்டின் முதல் வாரத்திலேயே தொடங்குகிறது.

ஆண்டு முழுவதும் ஒரு குறிப்பேடு

ஆண்டிறுதியில் ஆசிரியர்களிடம் பெயர்ப் பட்டியல் கேட்டால், அதிக மதிப்பெண் வாங்கியவர்களும் வகுப்பில் அதிகம் பேசுபவர்களுமே முதலில் நினைவுக்கு வருவார்கள். அமைதியாக இருந்து, அமைதியாகவே முன்னேறிய பிள்ளைகள் அந்தப் பட்டியலில் இடம்பெறுவது அரிது. இது ஆசிரியரின் அக்கறைக் குறைவால் நேர்வதில்லை. மனித நினைவாற்றலின் இயல்பு அப்படி. எனவே நினைவை நம்பாமல், வகுப்புக்கு ஒரு குறிப்பேடு வைத்து, அதில் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வகுப்பாசிரியர் மட்டுமல்லாமல் விளையாட்டு ஆசிரியர், நூலகர், ஆய்வக உதவியாளர், பள்ளி வாகன ஓட்டுநர் என யார் வேண்டுமானாலும் அதில் தேதியிட்டு ஒரு வரி எழுதலாம் என்று சொல்லிவிடுங்கள். வகுப்பாசிரியர் வாரத்துக்கு 2 பிள்ளைகளைத் தனிக் கவனத்துடன் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால், 30 பேர் கொண்ட வகுப்பை 15 வாரங்களில் ஒரு சுற்று முடித்துவிடலாம். ஆண்டுக்குள் இரண்டாம் சுற்றுக்கும் நேரம் இருக்கும்.

ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் ஆசிரியர்கள் கூடி, நிரம்பிய பக்கங்களை விட்டுவிட்டு, வெற்றுப் பக்கங்களை மட்டும் புரட்டிப் பாருங்கள். ஒரு பிள்ளையின் பக்கம் காலியாக இருந்தால், அந்தப் பிள்ளை ஒன்றும் செய்யவில்லை என்பது அதன் பொருளல்ல. நாம் இன்னும் பார்க்கவில்லை என்பதுதான். அடுத்த பருவத்தில் அந்தப் பிள்ளைகளையே முதலில் கவனிக்கத் தொடங்குங்கள்.

எழுதும் வரி ஒரு செயலைச் சொல்ல வேண்டும். ‘நல்ல பையன்’, ‘கெட்டிக்காரி’ போன்ற சொற்கள் ஆண்டிறுதியில் எதற்கும் பயன்படாது. ‘பின்னக் கணக்கில் வந்த தவறான விடைகளை அழிக்காமல் வைத்திருந்து, எந்த வரியில் தவறு நேர்ந்தது என்று சிவப்புப் பேனாவால் தானே வட்டமிட்டிருந்தாள்’ என்று எழுதியிருந்தால், எட்டு மாதம் கழித்துப் படிப்பவருக்கும் அந்தச் சிறுமி கண்முன் வந்து நிற்பாள்.

எதையெல்லாம் சாதனையாகக் கொள்வது?

மதிப்பெண், விளையாட்டு, கலை ஆகிய மூன்றும் எல்லாப் பள்ளிகளிலும் எப்படியும் இடம்பெற்றுவிடும். அவற்றைக் குறைக்க வேண்டியதில்லை. கடுமையாக உழைத்து முதலிடம் பிடித்த பிள்ளையை, மற்றவர்கள் வருந்துவார்களோ என்று அஞ்சி அரைமனதாகப் பாராட்டுவதும் ஓர் அநீதியே. அவற்றோடு, தொடங்கிய இடத்திலிருந்து ஒரு பிள்ளை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதையும், ஏற்ற பொறுப்பை யாரும் நினைவூட்டாமல் செய்து முடித்ததையும், புதிதாகச் சேர்ந்த மாணவருக்குத் துணை நின்றதையும், தோற்ற பிறகும் பயிற்சிக்கு வந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேர்வு அளவுகோல்களை ஆண்டின் தொடக்கத்திலேயே பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் எழுத்தில் அறிவித்துவிட்டால், ‘வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்’ என்ற பேச்சுக்கு இடம் இருக்காது. மாணவர்கள் தம் சக மாணவர்களைப் பரிந்துரைக்கவும் வழி செய்யுங்கள். பரிந்துரைப்பவர், தான் நேரில் கண்ட ஒரு நிகழ்வை எழுதித் தர வேண்டும் என்பதை மட்டும் விதியாக வைத்தால், அது நட்புக்குப் போடும் வாக்காக மாறிவிடாது.

ஒன்றில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை தேவை. வறுமை, நோய், குடும்பத்தில் நேர்ந்த இழப்பு ஆகியவற்றை ‘இத்தனையையும் மீறிச் சாதித்த மாணவர்’ என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் தன் வீட்டு நிலைமை முழுப் பள்ளிக்கும் தெரிந்துவிட்டதே என்று கூசிப்போய் நிற்கும் பிள்ளைக்கு அந்தப் பரிசு ஒரு தண்டனையாகிவிடும். பிள்ளையும் பெற்றோரும் முன்கூட்டியே மனமுவந்து ஒப்புக்கொண்டாலன்றி, செய்த செயலை மட்டும் சொல்லுங்கள், சூழ்நிலையைச் சொல்லாதீர்கள்.

பரிசு என்ன செய்தியைச் சொல்கிறது?

பரிசு கொடுத்தால் ஊக்கம் பெருகும் என்று நாம் இயல்பாக நம்புகிறோம். ஆய்வுகள் அவ்வளவு எளிதாக அதை ஒப்புக்கொள்வதில்லை. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள், வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு ‘வரைந்தால் சான்றிதழ் தருவோம்’ என்று முன்னதாகவே சொல்லி வரைய வைத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் ஓய்வு நேரத்தில் தாமாக வரைவது மற்றவர்களைவிட ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்ற குழந்தைகளிடம் அந்தக் குறைவு காணப்படவில்லை.

அப்படியானால் எதிர்பாராத பரிசு எப்போதும் நல்லதா என்றால், அதுவும் இல்லை. 2021-இல் வெளியான, 15,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பள்ளி மாணவர்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், முழு வருகைக்காக முன்னறிவிப்பின்றி விருது பெற்ற மாணவர்களின் வருகை அதன்பின் குறையவே செய்தது. மற்றவர்களைவிடவும், பள்ளி எதிர்பார்த்ததைவிடவும் தாங்கள் அதிகமாகவே வந்துவிட்டோம் என்ற செய்தியை அந்த விருது அவர்களுக்குச் சொல்லியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். வருகை விருதை நான் பரிந்துரைக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு: காய்ச்சலோடு பள்ளிக்கு வந்த பிள்ளைக்குப் பரிசும், மருத்துவமனையில் படுத்திருந்த பிள்ளைக்கு ஏமாற்றமும் தருகிற விருது அது.

எனவே ஒரு விருதைப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன், இதைப் பார்க்கும் பிள்ளை என்ன புரிந்துகொள்ளும் என்று ஆசிரியர்கள் தமக்குள் கேட்டுக்கொள்வது நல்லது. விலையுயர்ந்த பொருள்களைத் தவிர்த்து, செய்த செயலைச் சரியாக எடுத்துச் சொல்லும் ஒரு வாசகத்துக்கு முதலிடம் கொடுங்கள்.

சான்றிதழின் வாசகம்

விழாவுக்கான உழைப்பில் பெரும்பகுதியை நான் இங்கேதான் செலவிடச் சொல்வேன். மேடை அலங்காரம் மறுநாளே கலைந்துவிடும். சான்றிதழ் பல ஆண்டுகள் வீட்டில் இருக்கும்.

1998-இல் முல்லர், டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், புதிர்களை விடுவித்த சிறுவர் சிறுமியருள் சிலரை அறிவாளிகள் என்றும், சிலரை நன்றாக முயன்றவர்கள் என்றும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்களில் எல்லோரும் தடுமாறினார்கள். அறிவுக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விரைவில் ஆர்வம் இழந்தார்கள், அடுத்த சுற்றிலும் பின்தங்கினார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்று முன்னேறினார்கள். ஆகவே வாசகம் பிள்ளையின் பிறவித் திறமையைப் புகழாமல், அந்தப் பிள்ளை செய்ததைச் சொல்லட்டும்.

‘கணிதத்தில் சிறந்த மாணவி’ என்பதற்குப் பதிலாக, ‘தன் தவறுகளைத் தானே தேடிக் கண்டுபிடித்து, பின்னக் கணக்குகளை இப்போது வகுப்புத் தோழிகளுக்கும் விளக்கிச் சொல்கிறாள்’ என்று எழுதலாம். ‘சிறந்த நூலக வாசகர்’ என்பதைவிட, ‘தொடக்கத்தில் படக்கதைகளை மட்டுமே எடுத்துச் சென்றவன், இந்த ஆண்டு கடல்வாழ் உயிரினங்களைப் பற்றிய நூல்கள் அனைத்தையும் படித்து முடித்து, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதைபோல் சொன்னான்’ என்பது அந்த மாணவனுக்கே உரியது. வேறொருவரின் பெயரைப் போட்டாலும் பொருந்திவிடுமானால், அந்த வாசகத்தைத் திரும்ப எழுதுங்கள். மிகையாகவும் எழுதாதீர்கள், தன்னம்பிக்கை குறைந்த பிள்ளைகளை அளவுக்கு மீறிப் புகழும்போது, அவர்கள் சவாலான வேலைகளைத் தவிர்க்கிறார்கள் என்பதும் 2014-இல் வெளியான ஆய்வொன்றில் தெரியவந்தது.

அச்சுக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு சான்றிதழையும் அந்தந்தப் பிள்ளையிடமே காட்டிப் பெயரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பெயரில் பிழையுள்ள சான்றிதழை மேடையில் சிரித்துக்கொண்டே வாங்கி, வீட்டுக்குப் போய் மறைத்துவைக்கும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது.

விழா நாள்

நேரக் கணக்கை முதலில் போடுங்கள். பெயர் அழைத்து, வாசகம் படித்து, சான்றிதழ் கொடுத்து, பிள்ளை இறங்க ஒருவருக்கு 30 நொடி என்றால், 120 பேருக்கு 60 நிமிடம் ஆகும். இதற்கு மேல் உரைகளும் கலைநிகழ்ச்சிகளும் சேர்ந்தால் சிறு பிள்ளைகளால் உட்கார முடியாது. பெரிய பள்ளியாக இருந்தால் ஒரே விழாவில் எல்லாவற்றையும் அடைக்காமல், வகுப்புவாரியாகத் தனித்தனி நாள்களில் நடத்துவது மேல். நேரம் போதாதபோது உரைகளைக் குறைக்க வேண்டுமே தவிர, பிள்ளைகளின் வாசகங்களைக் குறைக்கக்கூடாது. சிறப்பு விருந்தினருக்கு 10 நிமிடம் என்று அழைப்பின்போதே பணிவாகத் தெரிவித்துவிட்டால், அன்றைக்குச் சங்கடம் நேராது.

பெயரைப் படிப்பவர் முந்தைய நாளே ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்திருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை இருந்தால் மேடைக்குச் சாய்தளம் வேண்டும். அது இயலாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு மட்டும் கீழே வந்து கொடுப்பதைவிட, எல்லோருக்குமே கீழே நின்று கொடுப்பது கண்ணியமானது. கூட்டத்தைக் கண்டால் நடுங்கும் பிள்ளைகளும், இரைச்சலைத் தாங்க முடியாத பிள்ளைகளும் எல்லாப் பள்ளியிலும் உண்டு. மேடை ஏற விருப்பமா, நண்பருடன் சேர்ந்து வருகிறாயா, வகுப்பறையிலேயே பெற்றுக்கொள்கிறாயா என்று முன்னதாகத் தனியாகக் கேட்டு, சொன்ன பதிலை மதியுங்கள்.

வேலை நேரம் காரணமாக வரமுடியாத பெற்றோருக்காக, மாலை அல்லது விடுமுறை நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பெற்றோர் யாருமே வராத பிள்ளையோடு ஓர் ஆசிரியர் அன்று முழுவதும் உடனிருக்கும்படி பொறுப்பு ஒப்படைத்துவிடுங்கள். மேடையில் இருந்து அந்தப் பிள்ளை தேடும்போது, தனக்காக எழுந்து கைதட்ட ஒருவர் இருக்க வேண்டும்.

எல்லோருக்கும் உரிய விழா

பள்ளியில் ஒற்றுமை உணர்வை வளர்க்க, மாணவர்களை அணிகளாகப் பிரித்துப் போட்டி வைப்பது வழக்கம். போட்டி மட்டுமே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1954-இல் சமூக உளவியலாளர் முசாஃபர் ஷெரிஃப் ஒரு கோடை முகாமில் நடத்திய ஆய்வு நல்ல சான்று. இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்ட சிறுவர்கள், பரிசுக்கான போட்டிகள் தொடங்கியதும் ஒருவரையொருவர் பகைக்கத் தொடங்கினார்கள். சேர்ந்து சாப்பிடவும் படம் பார்க்கவும் வைத்ததால் மட்டும் அந்தப் பகை தணியவில்லை. முகாமின் குடிநீர்த் தடங்கலைச் சரிசெய்வது போல, இரு குழுவும் சேர்ந்தால்தான் முடியும் என்ற வேலைகள் அடுத்தடுத்து வந்தபோதுதான் தணிந்தது.

ஆகவே அணிக் கோப்பை இருக்கட்டும். அதோடு முழுப் பள்ளியும் சேர்ந்து எட்ட வேண்டிய ஓர் இலக்கையும் வையுங்கள். வளாகத்தில் மரக்கன்றுகள் நட்டு ஓராண்டு காப்பது, பள்ளி நூலகத்தை மறுசீரமைப்பது, பெரிய வகுப்பினர் சிறிய வகுப்பினருக்கு வாசிப்புத் துணையாவது போன்ற பணிகளில் யார் என்ன செய்தார்கள் என்பதை விழாவில் மாணவர்களே எடுத்துச் சொல்லட்டும். விழா வேலைகளையும் பகிர்ந்து கொடுங்கள்: அழைப்பிதழ் வரைதல், வரவேற்பு, ஒலிவாங்கிப் பொறுப்பு, தொகுத்து வழங்குதல் ஆகியவற்றை மாணவர்கள் செய்தால், மேடை ஏறாத நேரத்திலும் விழா அவர்களுடையதாக இருக்கும்.

தூய்மைப் பணியாளர், காவலர், சமையலர், அலுவலகப் பணியாளர் ஆகியோரை அழைத்துக் கடைசி வரிசையில் நிற்க வைத்துவிடாதீர்கள். அவர்களுக்கு முன்வரிசையில் இருக்கை போட்டு, ஆண்டு முழுவதும் அவர்கள் செய்ததை ஒரு மாணவர் குறிப்பாகச் சொல்லி நன்றி கூற வேண்டும். சில பிள்ளைகளுக்குச் சான்றிதழ் வழங்கும்படியும் அவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விழா முடிந்த பிறகு

ஒளிப்படங்களை வெளியிடும் முன் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் பெறுங்கள். பொதுவெளியில் படத்தோடு முழுப் பெயரையும் வகுப்பையும் சேர்த்துப் போடாதீர்கள். அன்று வரமுடியாமல் போன பிள்ளைகளுக்கு, அலுவலக மேசையில் இருந்து சான்றிதழை எடுத்து நீட்டிவிடாமல், அடுத்த காலைக் கூட்டத்தில் அதே வாசகத்தைப் படித்து அதே கைதட்டலோடு வழங்குங்கள்.

ஒரு வாரத்துக்குள் விழாக் குழு கூடி, எந்தப் பகுதி நீண்டுவிட்டது, எந்த வகுப்பின் பெயர்கள் குறைவாக வந்தன, பணியாளர்களும் பெற்றோரும் என்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் இரண்டு பக்கத்துக்குள் எழுதி, சான்றிதழ்ப் படிகளோடு சேர்த்துக் கோப்பில் வைக்க வேண்டும். அடுத்த ஆண்டு குழுவில் வேறு ஆசிரியர்கள் இருக்கக்கூடும். புதிய வகுப்புப் பட்டியல் வந்ததும் குறிப்பேடுகளைத் திறக்கும் பொறுப்பு யாருடையது என்பதையும் அந்தக் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.